கங்கால் நாய்: ஆட்டுப்பட்டிக் காவலுக்கு வளர்ப்பது எப்படி?

கிளுவைவேலி எழுதியது:

காங்கேயம் பக்கம் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, சுத்தியும் கிளுவை வேலி. மயிலம்பாடி செம்மறி 150 உருப்படி. ராத்திரியில தெருநாய்க் கூட்டம் வேலிச் சந்துல நுழையுது. இப்ப எல்லாரும் கங்கால் கங்கால்னு பேசறாங்க. "உலகத்துலயே பலமான கடி, 743 பி.எஸ்.ஐ."ன்னு விளம்பரம் வேற. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க: இந்த இனம் உண்மையில என்ன வேலை செய்யும்? குட்டிய எப்படி வளர்க்கணும், என்ன போடணும், நம்ம வெயிலுக்கு நிக்குமா?

---

அங்காராவாசி எழுதியது:

முதலில் ஊர். துருக்கியின் நடுப்பகுதியில் சிவாஸ் மாகாணம், அதில் கங்கால் என்ற வட்டாரம். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் மரமில்லாத புல்வெளி. பனிக்காலத்தில் மைனஸ் 20-க்குக் கீழும் இறங்கும். கோடையில் வறண்ட வெயில் காயும். ஓநாய் இன்றும் உள்ள பகுதி. அங்கே அக்கரமான் என்கிற கொழுத்த வால் செம்மறியோடு சேர்ந்து வளர்ந்த நாய் இது.

அடையாளம்: உடம்பு மங்கிய மணல் நிறம் அல்லது சாம்பல் கலந்த மணல் நிறம். முகமும் காதும் கறுப்பு. முடி குட்டைதான், ஆனால் அடியில் அடர்த்தியான இரண்டாவது அடுக்கு உண்டு. எச்சரிக்கையாக நிற்கும்போது வால் சுருண்டு முதுகின் மேல் ஏறும். சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பின் 331-ஆம் எண் தர வரையறைப்படி ஆண் 72–78 செ.மீ. உயரம், 48–60 கிலோ. பெட்டை 65–73 செ.மீ., 40–50 கிலோ. இதே எண்ணில் முன்பு அனத்தோலியன் ஷெப்பர்ட் என்ற பெயர் இருந்தது. 2018-இல் கங்கால் என்று மாற்றினார்கள். அமெரிக்காவில் இரண்டையும் தனித்தனி இனமாகவே எழுதுகிறார்கள். பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது இந்தக் குழப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

90 கிலோ, 100 கிலோ என்று காணொளிகளில் காட்டுபவை பெரும்பாலும் மலாக்லி என்ற அக்சராய் பகுதி நாயின் கலப்பு. முகம் தொங்கும், தோல் தொளதொளக்கும். நாள் முழுக்க மந்தையோடு நடக்கிற நாய்க்கு அந்த எடை ஆகாது.

---

பட்டிக்காவல் எழுதியது:

கிளுவைவேலி, வேலையைப் பற்றி ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இது ஆட்டை ஓட்டும் நாய் இல்லை. பார்டர் கோலி மாதிரி விசிலுக்கு ஓடி மந்தையைத் திருப்பாது. மந்தைக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். பகலில் பார்த்தால் சோம்பேறி என்றுதான் தோன்றும். பொழுது சாய்ந்ததும் எழுந்து எல்லையைச் சுற்றும், மூத்திரத்தால் அடையாளம் போடும், சத்தம் கேட்ட பக்கம் பார்த்துக் குரைக்கும். ஏதாவது நெருங்கினால் மந்தைக்கும் அதற்கும் நடுவில் போய் நிற்கும். பத்தில் ஒன்பது தடவை அத்தோடு காரியம் முடிந்துவிடும். துரத்தினாலும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வரவேண்டும். விரட்டிக்கொண்டே அடுத்த ஊர் வரை போகிற நாய் பட்டிக்கு உதவாது. அது போன பின்னால் எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் நுழையும்.

இந்த வகை நாய்களை அமெரிக்காவில் 1970-களின் கடைசியிலிருந்து ஆராய்ந்த ரேமண்ட் காப்பிங்கர் மூன்று குணங்களைச் சொல்வார்: ஆட்டைக் கடிக்காத நம்பகம், ஆட்டை விட்டுப் பிரியாத கவனம், ஆபத்தில் முன்னால் நிற்கும் காவல். வரிசையும் அதேதான். முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவது மட்டும் இருக்கிற நாய், கட்டிப்போட வேண்டிய நாய்.

---

வெள்ளாட்டுமந்தை எழுதியது:

அந்த 743 கணக்கை யாராவது விளக்குங்களேன். யூடியூப் முழுக்க அதுதான் ஓடுகிறது.

---

மாட்டாஸ்பத்திரி எழுதியது:

எந்த நாயில், எந்தப் பல்லில், எந்தக் கருவியை வைத்து அளந்தார்கள் என்ற விவரமே இல்லாமல் சுற்றுகிற எண் அது. நாய் தானாகக் கடிக்கும் பலம் ஒவ்வொரு தடவையும் மாறும். மயக்கத்தில் தசையைத் தூண்டி அளந்தால் வேறு, மண்டையோட்டை வைத்துக் கணக்கிட்டால் வேறு. மேலும் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்பது அழுத்தம்; பல் முனையின் பரப்பைச் சொல்லாமல் அதற்குப் பொருளே கிடையாது. விளம்பரத்தில் அந்த எண் இருந்தால், விற்பவர் சண்டை நாய் வாங்குபவர்களைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

குட்டி வளர்ப்பில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கால்சியம் டானிக் வேண்டாம். பெரிய இனக் குட்டி வாங்கியதும் நம் ஆட்கள் செய்கிற முதல் தப்பு இதுதான். ஆறு மாதத்துக்குள் குட்டியின் குடலுக்கு அதிகக் கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது. கொடுத்த அளவுக்கு ஏறும். குருத்தெலும்பு எலும்பாக மாறும் வரிசை குலையும். முன்னங்கால் வளையும், தோள் மூட்டில் குருத்து பிளந்து நொண்டும், மணிக்கட்டுக்கு மேலே வீங்கிச் சுடும். நொண்டுகிறதே என்று இன்னும் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றுவார்கள்.

செய்ய வேண்டியது:

– பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனம். உலர் எடையில் கால்சியம் 1 முதல் 1.5 சதவீதத்துக்குள். பாஸ்பரஸ் 1 பங்கு என்றால் கால்சியம் 1.1 முதல் 1.4 பங்கு இருக்க வேண்டும். மூட்டையின் பின்பக்கம் போட்டிருக்கும், படியுங்கள்.

– 4 மாதம் வரை நாளைக்கு 4 வேளை, 6 மாதம் வரை 3, அப்புறம் கடைசி வரை 2.

– கொழுகொழுவென்று ஆக்காதீர்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், விரலால் தடவினால் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். மெதுவாக வளர்ந்தாலும் கடைசியில் அதே உயரம்தான் வரும், மூட்டு மட்டும் தப்பிக்கும்.

– ஒன்றரை வயது வரை பைக் பின்னால் ஓட்டுவது, மாடிப்படி ஏற்றுவது, உயரத்திலிருந்து குதிக்கவிடுவது கூடாது. ஆட்டோடு அதன் நடையில் நடந்தால் போதும்.

வளர்ந்த நாய்க்குக் கணக்கு: 55 கிலோ நாய்க்குச் சும்மா இருக்கவே சுமார் 1400 கிலோகலோரி வேண்டும். இரவெல்லாம் சுற்றுகிற நாய்க்கு அதில் 1.6 முதல் 2 மடங்கு, அதாவது 2250–2800. கிலோவுக்கு 3500 கிலோகலோரி உள்ள தீவனம் என்றால் 650–800 கிராம். பொதுவாக இந்த இனம் உடம்புக்குக் குறைவாகத்தான் தின்னும். எனவே கீழ்க்கணக்கில் ஆரம்பித்து, விலாவைத் தடவிப் பார்த்துக் கூட்டுங்கள்.

---

அங்காராவாசி எழுதியது:

துருக்கி மேய்ப்பர்கள் போடுவது யால். வாற்கோதுமை மாவில் கொதிநீர் ஊற்றிப் பிசைந்த களி. இருந்தால் மோர்த்தெளிவு, எஞ்சிய ரொட்டி சேரும். அதை மட்டும் தின்று நாய் நிற்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வயல் எலி, தரை அணில், ஆட்டின் நஞ்சுக்கொடி என்று வெளியில் கிடைப்பதும் அதில் உண்டு.

---

கிளுவைவேலி எழுதியது:

அப்ப கம்பங்களி போட்டா ஆகாதுங்களா?

---

மாட்டாஸ்பத்திரி எழுதியது:

வளர்ந்த நாய்க்குக் கம்பு, ராகி, அரிசி பாதி வயிறு ஆகலாம். மீதி முட்டை, கோழி, மீன், மோர் என்று புரதம் வேண்டும். குட்டிக்குக் களியை நம்பாதீர்கள். வேகவைத்த எலும்பு யாருக்குமே வேண்டாம். ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

இதைவிட முக்கியம்: செத்த ஆட்டின் ஈரல், நுரையீரல், தலையை நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள். ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி இருந்தால் அது எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் குட்டிப் பருவம். நாய் தின்றால் அதன் குடலில் புழுவாகும், முட்டை சாணத்தில் வெளியேறும், புல் வழியாக ஆட்டுக்கும் கை வழியாக உங்களுக்கும் வரும். மனிதனின் ஈரலில் கட்டி வந்தால் பெரிய அறுவைச் சிகிச்சை. இன்னொரு நாடாப்புழு டீனியா மல்டிசெப்ஸ். ஆட்டின் மூளையில் கட்டியாகி, ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிச் சாகும். நாய் வைத்திருக்கும் பட்டியில் ஆடு சுற்ற ஆரம்பித்தால் நாய்க்குப் புழு மருந்து கொடுத்து எத்தனை நாள் ஆச்சு என்று பாருங்கள்.

மருந்து அட்டவணை: குட்டிக்கு 2, 4, 6, 8 வாரத்தில் குடற்புழு நீக்கம், பிறகு 6 மாதம் வரை மாதாமாதம். மந்தையோடு இருக்கும் வளர்ந்த நாய்க்கு பிராசிக்வான்டெல் என்ற நாடாப்புழு மருந்து, கிலோவுக்கு 5 மில்லிகிராம், 6 வாரத்துக்கு ஒரு முறை. ஏன் 6 வாரம்? விழுங்கிய கட்டி புழுவாகி முட்டை போட ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும். அதற்குள் அடித்துவிட வேண்டும். உருண்டைப் புழு மருந்து இதைச் செய்யாது, அட்டையில் பெயரைப் பாருங்கள்.

---

பட்டிக்காவல் எழுதியது:

இப்போது பழக்கும் முறை. நாய்க்குட்டி யாரைத் தன் கூட்டமென்று எடுத்துக்கொள்வது என்பது ஏறக்குறைய 3-வது வாரத்திலிருந்து 14, 16-வது வாரத்துக்குள் முடிவாகிவிடும். அந்தக் காலத்தில் அது வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளோடு கிடந்தால் வீட்டுநாய். 6 மாதம் கழித்துப் பட்டிக்கு அனுப்பினால் வீட்டுப் பக்கமே ஓடி வரும்.

8 வாரத்தில் எடுங்கள், அதற்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். தாய் பட்டியில் குட்டி போட்டதா என்று கேளுங்கள். ஆட்டு வாசனையில் கண் திறந்த குட்டிக்கு விலை கூடக் கொடுக்கலாம்.

பட்டிக்குள்ளேயே 10 அடிக்கு 10 அடி தடுப்பு. கம்பி வலை வழியாக ஆடும் குட்டியும் முகர்ந்துகொள்ள வேண்டும். தடுப்புக்குள் சாதுவான 4, 5 உருப்படி விடுங்கள். பால்மறந்த ஆட்டுக்குட்டி ரெண்டு, நிதானமான தாயாடு ரெண்டு. நாய்க்குட்டி ஓடி ஒளிய ஒரு மூலையில் பலகைச் சந்து வையுங்கள். முட்டு வாங்கிப் பயந்த குட்டி பிறகு ஆட்டை அண்டாது. முட்டே வாங்காத குட்டி ஆட்டை மதிக்காது. லேசான முட்டு நல்லது.

சோற்றுத் தட்டை ஆடு நுழைய முடியாத இடத்தில் வையுங்கள். சோற்றுக்காக ஆட்டைக் கடித்துப் பழகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு.

மனிதப் பழக்கம் வேண்டவே வேண்டாம் என்பது பழைய தப்பான பேச்சு. நாளைக்கு ரெண்டு தடவை போய்த் தொட்டு, காது, வாய், பாதம் பார்த்து, கழுத்துப்பட்டை போட்டு நாலடி நடத்தி, அங்கேயே விட்டு வாருங்கள். ஊசி போடக்கூடப் பிடிபடாத 50 கிலோ நாயை யார் வைத்துக்கொள்வது? கொஞ்சல் எல்லாம் பட்டிக்குள்ளேதான் நடக்க வேண்டும், வீட்டு வாசலில் இல்லை.

---

வெள்ளாட்டுமந்தை எழுதியது:

16 வாரம் நல்லா இருந்துட்டு 8, 9 மாசத்துல ஆட்டைத் துரத்த ஆரம்பிக்குதே, அதுக்கு என்ன வழி?

---

பட்டிக்காவல் எழுதியது:

பாதி நாய்களை இந்தக் கட்டத்தில்தான் விற்றுவிடுகிறார்கள். ஆறிலிருந்து பதினாலு மாதம் வரை பெரிய உடம்பில் சின்னப் புத்தி. காதைக் கவ்வும், வாலைப் பிடித்து இழுக்கும், ஓடுகிற குட்டியைப் பிடித்து முன்காலால் அமுக்கும். அது வேட்டை இல்லை, விளையாட்டு. ஆனால் ஆட்டுக்குட்டி செத்தால் செத்ததுதான்.

இந்த வயதில் ஆட்டுக்குட்டிகளோடு தனியாக விடாதீர்கள். பெரிய கிடாய், வயதான தாயாடு இருக்கும் கூட்டத்தில் போடுங்கள், அவை பாடம் சொல்லும். பார்க்கும்போதே ஆரம்பித்தால் ஒரே அதட்டல், உடனே. அரைமணி கழித்து அடிப்பதால் நாய்க்கு எதுவும் புரியாது. அப்படியும் துரத்தினால் கழுத்துப்பட்டையில் சங்கிலி கட்டி, ஓரடி நீளக் கட்டை ஒன்றைக் குறுக்குவாட்டில் முழங்காலுக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். நடக்கலாம், படுக்கலாம், ஓடினால் காலில் இடிக்கும். ராத்திரி கழற்றிவிடுங்கள், வேலியில் மாட்டிக்கொள்ளும்.

18 மாதத்துக்கு முன் முழுப் பொறுப்புக் கொடுக்காதீர்கள். சில நாய் 2 வயதில்தான் தேறும். ஆடு குட்டி போடும்போது நஞ்சுக்கொடியைத் தின்பது இயல்பு, தடுக்க வேண்டாம். ஆனால் இளநாய் ஈரக்குட்டியை நக்கிக்கொண்டே இருந்தால் தாயாடு குட்டியை ஒதுக்கிவிடும். முதல் ஈற்றுப் பருவத்தில் ஆள் பக்கத்தில் இருப்பது கட்டாயம்.

---

அங்காராவாசி எழுதியது:

எண்ணிக்கையையும் மறக்காதீர்கள். ஓநாய் உள்ள இடத்தில் ஒற்றை நாயை யாரும் நம்புவதில்லை. ஒன்று மந்தையோடு நிற்கும், இரண்டு வெளியே போய் எதிர்கொள்ளும். கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை போடுவது ஓநாய் குரல்வளையைப் பிடிக்காமலிருக்கத்தான், அழகுக்கில்லை. கம்பி வேலிக்குள் அந்தப் பட்டையோடு விட்டால் சிக்கிக்கொள்ளும்.

வெயில் பற்றிக் கேட்டீர்கள். ஆப்பிரிக்காவின் நமீபியாவில் சிவிங்கிப்புலி எனப்படும் சீட்டா உண்டு (சிறுத்தைப்புலி வேறு). சீட்டாவைப் பாதுகாக்கும் சீட்டா கன்சர்வேஷன் ஃபண்ட் என்ற அமைப்பு 1994 முதல் அனத்தோலிய, கங்கால் குட்டிகளை ஆட்டுப் பண்ணைகளுக்குக் கொடுத்து வருகிறது. ஆடு சாகாவிட்டால் விவசாயி சீட்டாவைச் சுடமாட்டார் என்பது கணக்கு. சீட்டாவும் சண்டைக்கு நிற்காத மிருகம், குரைப்புக்கே விலகிவிடும். கடும் வெயிலிலும் அங்கே நாய்கள் வேலை செய்கின்றன. ஆனால் அது வறண்ட காற்று.

---

மாட்டாஸ்பத்திரி எழுதியது:

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை ஆற்றும். காற்றில் ஈரம் அதிகமானால் எச்சில் ஆவியாகாது. எனவே 34 டிகிரி கடலூர், 38 டிகிரி காங்கேயத்தைவிட மோசம். கொங்கு வறட்சியில் நிழலும் தண்ணீரும் இருந்தால் சமாளிக்கும். 55 கிலோ நாய்க்குச் சாதாரணமாக 3 லிட்டர், சித்திரையில் இரட்டிப்பு. காலை 10-க்கு மேல் 4 மணி வரை நடக்கவிடாதீர்கள். முடியை மழிக்காதீர்கள், அது வெயிலையும் தடுக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை அடிமுடி கொத்துக்கொத்தாக உதிரும், அப்போது மட்டும் சீப்பால் வாரி எடுத்தால் போதும். பின்னங்கால் உள்பக்கத்தில் தரையைத் தொடாத நகம் இருந்தால் அதைப் பார்த்து வெட்டிவிடுங்கள், வளைந்து சதைக்குள் ஏறும்.

பெரிய மார்புக்கூடு உள்ள நாய்களுக்கு வயிறு காற்றால் ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வாந்தி எடுக்க முயலும், நுரையைத் தவிர எதுவும் வராது. எச்சில் ஒழுகும், படுக்க முடியாமல் எழுந்து எழுந்து நிற்கும், இடப்பக்கம் தட்டினால் மத்தளம் மாதிரி ஒலிக்கும். வீட்டு வைத்தியத்துக்கு நேரமே கிடையாது, சில மணி நேரத்தில் உயிர் போகும். அறுவை வசதி உள்ள இடம் எது என்று முன்பே தெரிந்து வைத்திருங்கள். ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டாகப் பிரிப்பது, தின்றதும் ஓடவிடாமல் இருப்பது, அவசரமாக விழுங்குகிற நாய்க்கு அகலத் தட்டில் பரப்பி வைப்பது உதவும். கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடச் சொன்னால் முறுக்கு விழுவது அரிது.

---

வெள்ளாட்டுமந்தை எழுதியது:

கருத்தடை செய்தால் காவல் குணம் போய்விடும் என்கிறார்களே?

---

பட்டிக்காவல் எழுதியது:

போகாது. காவல் மந்தைப் பற்றிலிருந்து வருவது. உங்கள் எதிரி தெருநாய் என்னும்போது இது இன்னும் அவசியம். பருவத்துக்கு வந்த பெட்டையைப் பட்டியில் வைத்திருந்தால் சுற்றுவட்டாரக் கடுவன் எல்லாம் உங்கள் வேலியில் நிற்கும். கருத்தடை செய்யாத ஆண், பருவத்துப் பெட்டை உள்ள தெருநாய்க் கூட்டத்தை விரட்டாது. அதன் பின்னாலேயே போய்விடும். எலும்பு வளர்ந்து முடியட்டும், 18 மாதத்துக்கு மேல் செய்யுங்கள். பெட்டைக்கு நாள் குறிப்பதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

---

மாட்டாஸ்பத்திரி எழுதியது:

சரி. தெருநாயோடு மோதும் நாய் என்பதால் வெறிநோய்த் தடுப்பூசியில் ஒரு வருஷம்கூடத் தவறக்கூடாது. 3 மாதத்தில் ஒன்று, மறு ஊக்கி, பிறகு ஆண்டுதோறும். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான கூட்டு ஊசி 6–8 வாரத்தில் தொடங்கி 3, 4 வாரத்துக்கொரு முறை, கடைசி ஊசி 16 வாரம் ஆன பின். கடிபட்டு வந்தால் ஊசி போட்ட நாயாக இருந்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே கூட்டி வாருங்கள். கழுவும்போது கையுறை போடுங்கள். ஆட்டுக்கும் கடி இருக்கிறதா என்று பாருங்கள், ஆட்டுக்கும் வெறி வரும்.

---

கிளுவைவேலி எழுதியது:

எல்லாஞ் சரிங்க. இப்ப விக்கிற குட்டிய நம்பி வாங்கலாமா?

---

அங்காராவாசி எழுதியது:

எச்சரிக்கை தேவை. துருக்கி இந்த இனத்தை வெளியே அனுப்பக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. இந்தியாவும் 2016-இல் வணிக இனப்பெருக்கத்துக்கு நாய் இறக்குமதி செய்வதைத் தடுத்தது. ஆக இங்கே மலிவாகக் கிடைக்கும் "ஒரிஜினல்" எங்கிருந்து வந்தது? பெற்றோர் இரண்டையும் ஆட்டோடு நிற்கும் நிலையில் நேரில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இடுப்பு மூட்டு எக்ஸ்ரே கேளுங்கள். சட்டப் பக்கமும் பாருங்கள். 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை 23 இனங்களைத் தடை செய்யச் சொன்ன சுற்றறிக்கையில் கங்காலும் இருந்தது. ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உள்ளாட்சி உரிமம் தருகிறதா என்று வாங்குவதற்கு முன் கேளுங்கள்.

---

பட்டிக்காவல் எழுதியது:

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: உங்கள் 150 உருப்படிக்குக் கங்கால் கட்டாயமில்லை. அமெரிக்காவில் நவாஹோ மக்கள் பெயரில்லாத கலப்பு நாய்களைக் குட்டியிலிருந்தே ஆட்டுப் பட்டியில் விட்டுத்தான் மந்தை காக்கிறார்கள். உங்கள் எதிரி ஓநாயில்லை. நம்மூரில் பட்டியில் பிறந்த, உடல் தடித்த நாட்டுக்குட்டி ரெண்டை எடுத்து மேலே சொன்ன 16 வாரப் பழக்கத்தைக் கொடுத்தால் முக்கால்வாசி வேலை முடியும். சிப்பிப்பாறை, கன்னி இன வேட்டைநாய்கள் வேண்டாம். துரத்தவே பிறந்தவை, ஓடுகிற ஆட்டுக்குட்டியைக் கண்டால் கால் நிற்காது.

எந்த நாயானாலும் வேலியைச் சரி செய்யுங்கள். கிளுவை உயரம் போதும், அடிப்பக்கச் சந்துதான் பிரச்சினை. உள்பக்கமாகத் தரையிலிருந்து 3 அடிக்குக் கம்பி வலை, கீழே ஓரடியை மண்ணில் மடக்கிப் புதையுங்கள். கங்கால் வாங்கினால் வேலியின் மொத்த உயரம் 5 அடிக்குக் குறையக்கூடாது. இல்லாவிட்டால் உங்கள் ஊர் முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொள்ளும்.

---

கிளுவைவேலி எழுதியது:

பகல்ல கட்டிப் போட்டு ராத்திரி அவுத்து விடலாமுங்களா? ஆட்டுக்குப் போடற அடர்தீவனத்த நாய் தின்னா தப்பா?

---

மாட்டாஸ்பத்திரி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில். தீவனத்தில் மோனென்சின் கலந்திருந்தால் நாய்க்கு விஷம். ஆட்டுக்கு ரத்தக்கழிச்சல் வராமலிருக்கச் சில அடர்தீவனங்களில் சேர்ப்பார்கள். தின்ற நாய்க்குப் பின்னங்கால் துவளும், பிறகு முன்னங்கால், கடைசியில் மூச்சு. மூட்டையின் சீட்டைப் படியுங்கள், மூடி போட்ட டிரம்மில் வையுங்கள். ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியை உண்ணிக்கென்று நாய்க்குப் போடுவதும் வேண்டாம். அந்தச் செறிவில் அளவு தவறினால் நரம்பைத் தாக்கும். உண்ணிக்கு நாய்க்கென்றே மாத்திரை இருக்கிறது, எடை பார்த்துக் கொடுக்கலாம்.

---

பட்டிக்காவல் எழுதியது:

கட்ட வேண்டாம். பகல் முழுக்க ஆட்டைப் பிரிந்து சங்கிலியில் கிடக்கிற நாய், அவிழ்த்ததும் முதலில் ஓடித் தீர்க்கப் பார்க்கும். போகிறவர் வருகிறவரைப் பாய்ந்து பழகும். யாராவது வரும்போது அடைத்தே ஆக வேண்டுமென்றால் அந்தப் பழைய 10 அடித் தடுப்புக்குள்ளேயே, ஆடு கண்ணில் படும்படி, ரெண்டு ஆட்டையும் கூட விட்டு அடையுங்கள்.